முத்துப்பேச்சியின் துணி முடிச்சுகள்

போன மாதம், நான் முன்பு வேலை பார்த்த ஆவணக் காப்பகத்திலிருந்து, இப்போது அங்கே வேலையில் இருக்கிற இரண்டு பிள்ளைகள் வீடு தேடி வந்தார்கள். இப்போது அங்கே எல்லாக் காகிதத்தையும் ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். மற்றப் பெட்டிகள் எல்லாம் வகை வாரியாக, தேதி வாரியாக ஒழுங்காக இருக்கின்றன. ஒரு பெட்டியில் மட்டும் நோட்டீசும் போட்டோவும் பள்ளிச் சான்றிதழும் கலந்து கிடக்கின்றன, அதுவும் கிழிசல் சேலைத் துணியால் கட்டிய சின்னச் சின்ன முடிச்சுகளாக. இதைப் பிரித்து வரிசைப்படுத்திவிடலாமா அக்கா என்று கேட்டார்கள். பிரிக்காதீர்கள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள்.

தலையாட்டினதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கேட்டுத் தலையாட்டினார்களா, கிழவி சொல்கிறாள் என்று தலையாட்டினார்களா? நான் எதற்கும் கவலைப்படுகிறவள். வேலையில் இருந்த காலமெல்லாம் பூட்டிய அறையைத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். பள்ளிக்கூடத்தை விட்டதும் வீட்டில் எல்லோரும் செய்த வேலையைத்தான் நானும் செய்தேன், பீடி சுற்றினேன். கல்யாணமாகிப் பாளையங்கோட்டை வந்தேன். அவர் வேலை பார்த்த பைண்டிங் கடையில் ஆள் குறைந்தபோது நானும் போய் உட்கார்ந்தேன். பீடி இலையைக் கிழியாமல் மடக்கிப் பழகின விரல் என்பதால் மெல்லிய காகிதம் எனக்குக் கஷ்டமாகத் தெரியவில்லை. அங்கிருந்து காப்பகத்தில் பழைய தாள் ஒட்டும் வேலை கிடைத்தது. பூச்சி வராமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் எவ்வளவு சேர்க்க வேண்டும், பூச்சி அரித்த தாளை எப்படித் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அங்கே போய்ப் படித்ததுதான்.

படிக்க வைத்தவர் மிக்கேல் சார். கடற்கரை ஊர்க்காரர். அவர் அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். சார் மட்டும் படித்து மேலே வந்து காப்பாளர் ஆகியிருந்தார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாங்கள் அவசரப்பட்டால் ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "பைய." ஒரு தாளைத் தொடுமுன் கையைக் கழுவி, துடைத்து, அது காயும் வரைக்கும் சும்மா நிற்பார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. கோபக்காரரிடம் வேலை செய்வது சுலபம், கோபம் எப்போது வரும் என்று தெரியும். இவர் கோபிக்கவே மாட்டார். அதனால் எனக்கு எப்போதும் உள்ளூர நடுக்கம்தான்.

தொண்ணூற்றிரண்டில் ஆறு பெருகி ஊருக்குள் வந்ததே, அந்த வெள்ளம் வடிந்த வாரத்தில் சார் ஒரு டிரங்குப் பெட்டியை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார். பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முத்துப்பேச்சி அம்மாவின் பெட்டி அது.

முத்துப்பேச்சி அம்மாவை அன்றைக்கு ஜங்ஷன் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. கரகம் எடுத்து ஆடுகிறவர். ஏரலிலிருந்து முக்கூடல் வரைக்கும் ஆற்றங்கரை ஊர்களில் அம்மன் கோவில் கொடைத் திருவிழா என்றால் அவரைத்தான் முதலில் கேட்பார்கள். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்ந்தவர். திருநங்கை என்ற நல்ல சொல் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. ஊர் சொன்ன சொற்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் அவருக்கு வீடு. பெற்றவர்கள் அடித்து விரட்டிய பிள்ளைகள், தாமாக ஓடிவந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அவர்களுக்கு அவர் அம்மா. ரேஷன் கார்டுக்கும், செத்தால் புதைக்க இடத்துக்கும், இரவில் போலீஸ் பிடித்துக்கொண்டு போவதை எதிர்த்தும் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் சொல்லி எழுதி வாங்கி, கைநாட்டு வைத்து உள்ளே கொடுப்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்திருந்தார்.

சார் அவருடைய பாட்டுகளைக் காப்பகத்துக்காக டேப்பில் பதிந்திருந்தார். அந்தப் பழக்கத்தில், வெள்ளத்துக்குப் பிறகு என்ன ஆனார்களோ என்று பார்க்கப் போயிருக்கிறார். வீட்டுச் சுவர் ஒன்று விழுந்து கிடந்ததாம். நனைந்த மனு நகல்களை எல்லாம் மீதிச் சுவரில் பரப்பிக் கல் வைத்துக்கொண்டிருந்தாராம் அம்மா. வெயிலில் போட்டால் சுருண்டு பொடிந்துவிடும், என்னிடம் கொடுங்கள், நான் காயவைத்துப் பத்திரமாக வைக்கிறேன் என்று சார் கேட்டிருக்கிறார். ஆறு எடுத்தது போக மிச்சம் உமக்கு என்று அவரும் கொடுத்துவிட்டார், ஒரு நிபந்தனையோடு: பிள்ளைகள் எப்போது வந்து கேட்டாலும் அவரவருடையதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சார் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். இது வாய்ப்பேச்சு. எங்கள் பதிவேட்டில் ஏறிய எதுவும் வெளியே போகக் கூடாது என்பது எழுத்து விதி. அதை அப்போது நான் நினைத்துப் பார்த்தேன், சார் நினைத்தாரா தெரியாது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே சேலைத் துணிக் கிழிசல்களால் கட்டிய முடிச்சுகள். மஞ்சள், நீலம், தாமரைச் சிவப்பு, கிளிப்பச்சை. நனைந்த துணியிலிருந்து சாயம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் இதற்கு யோசிக்கவே இடமில்லை. சாயத் துணியை உடனே அவிழ்த்து எடுக்க வேண்டும். காகிதமும் போட்டோவும் ஒன்றாகக் காயக் கூடாது. காகிதத்தை ஒற்றுத்தாளுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும், ஈரம் ஏற ஏற ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும். போட்டோவுக்குப் பாரம் வைத்தால் படம் தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதை வலையில் முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும். ஒன்றோடொன்று ஒட்டிய போட்டோக்களைத் தட்டு நிறைய நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு அவையாக நழுவும் வரை காத்திருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் முகமே தண்ணீரில் கரைந்துவிடும். நான் அந்தத் தட்டின் பக்கத்திலேயே நின்றேன், சாப்பிடக்கூடப் போகவில்லை. அப்படியும் சில முகங்கள் போய்விட்டன. உடம்பு இருக்கும், சேலை இருக்கும், முகம் இருந்த இடம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளையாக இருக்கும்.

காய்ந்ததும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அடியில் குண்டு பல்பு எரியும் மரப்பெட்டியில் தைமால் உப்பு வைத்துப் புகை காட்டினோம். பிறகு எப்போதும்போல மனு தனி, கொடை நோட்டீஸ் தனி, சான்றிதழ் தனி, போட்டோ தனி. சுத்தமாக இருந்தது. துணிகளைச் சார் எறியவிடவில்லை. அவற்றை அலசிக் காயவைத்து ஒரு பையில் போட்டிருந்தேன்.

ஒரு நாள் வாசலில் பேச்சுச் சத்தம். முத்துப்பேச்சி அம்மா வந்திருக்கிறார், வாட்ச்மேன் உள்ளே விட மாட்டேன் என்கிறான். இங்கன உனக்கு என்ன சோலி என்று அவன் கேட்டிருக்கிறான்.

"கொடைக்கு அச்சாரம் வாங்க வந்தேன் அண்ணாச்சி. ஒம்ம ஆபீசுல கொடை கிடையாதா வே? ஒம்மையப் பாத்தா எனக்கே சாமி வருது."

நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சார் தானே வாசல் வரை போய், "வாங்கம்மா" என்று கூட்டிவந்தார். வாட்ச்மேன் ஒதுங்கி வழிவிட்டான். எனக்கு அம்மாவின் பக்கத்தில் நிற்கவே கூச்சமாகத்தான் இருந்தது. நல்ல உயரம். முழங்கால் வலியில் பைய நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும், "மைனிதான் எல்லாத்தையும் காயப்போட்டியளோ" என்றார். அவர் கூடப் பிறந்த அண்ணனுக்கு நான் வாழ்க்கைப்பட்டவள்போல அவ்வளவு உரிமையாக.

மேசையில் அடுக்கி வைத்திருந்ததைக் காட்டினேன். நோட்டீஸ்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். போட்டோக்களைப் பார்த்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்து, துணி எங்கே என்று கேட்டார். பையைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவுத்துட்டியளே மைனி."

அப்போதுதான் விஷயம் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம். வீட்டை விட்டு வருகிற பிள்ளை கையோடு கொண்டுவந்ததை, அது ஒரு சான்றிதழாக இருக்கலாம், அக்காள் கல்யாணப் போட்டோவாக இருக்கலாம், அதை அம்மாவிடம் கொடுத்துவிடும். அந்தப் பிள்ளை முதன்முதலில் உடுத்திய சேலையின் ஓரத்தைக் கிழித்து அம்மா அதைக் கட்டி வைப்பார். பிள்ளை பம்பாய்க்குப் போகும், மதுரைக்குப் போகும், என்றைக்காவது வந்து கேட்கும்போது முடிச்சாக எடுத்துக் கொடுப்பார். படிக்கத் தெரியாதவருக்குத் துணிதான் ஆள். எந்த முடிச்சுக்குள் என்ன இருந்தது என்று அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. அது அவரவர் சமாச்சாரம்.

"துணியப் பாத்தா யாருன்னு சொல்லிருவேன். இந்தக் காயிதத்தப் பாத்து நான் என்னத்தச் சொல்லுவேன்? பிள்ளையள் வந்து நின்னா எதக் குடுக்க?"

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் அழுதிருப்பேன். சார் கை கழுவப் போனார். வெகு நேரம் கழித்துத்தான் திரும்பினார். நாங்கள் செய்ததில் ஒரு பிசகும் இல்லை. அவிழ்க்காமல் விட்டிருந்தால் எல்லாம் சாயத்தில் ஊறிப் போயிருக்கும். ஆனாலும் முடிச்சுகளைத் திரும்பக் கட்டுவோம் என்றார் சார். "லெட்சுமி, அம்மா வர்ற நாள்லாம் வேற வேலை வேண்டாம்."

அதன்பிறகு அம்மா முடிந்தபோதெல்லாம் வந்தார். என்னோடு வேலை முடியும் வரை உட்கார்ந்திருப்பார். போட்டோக்களில் பிள்ளை நிற்கும் படம் என்றால் சுலபம், சின்ன வயது முகத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடுவார். ஆள் தெரியாத காகிதங்களுக்கு ஓரத்தில் இறங்கியிருந்த சாயக் கறை கொஞ்சம் உதவியது. கழுவினால் மையும் போய்விடுமே என்று பயந்து நான் அந்தக் கறைகளை விட்டுவைத்திருந்தேன். சான்றிதழ்தான் கஷ்டம். அதில் இருப்பது ஆண் பெயர், வீட்டில் வைத்த பெயர். முதல் சான்றிதழை எடுத்து நான் பெயரை வாசிக்க வாயெடுத்ததும் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"சத்தமா வாசிக்காதிய. அது செத்துப்போன பேரு."

பிறகு ஒவ்வொரு பெயரையும் அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு, யோசித்து, ஒரு துணியை எடுத்து நீட்டுவார். அந்த நேரத்தில் சார் அறையில் இருக்க மாட்டார், எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

அப்படித்தான் அந்தப் பெட்டி ஆள் வாரியாக ஆனது. எல்லாம் முடிந்ததென்று சொல்ல முடியாது. கடைசியில் ஆள் தெரியாமல் ஒரு கட்டு மிஞ்சியது. முகம் போன போட்டோக்கள் அதில்தான் இருந்தன.

செவ்வந்தி வந்தது அடுத்த வருஷம். அம்மாவின் பிள்ளைகளில் ஒருவர், பம்பாயில் இருந்தவர். சீவலப்பேரி அவருக்குச் சொந்த ஊர். அம்மா, அதாவது பெற்ற தாய், இறந்துவிட்டார் என்று தந்தி போய், இரண்டு ராத்திரி ரயிலில் வந்து சேர்ந்திருக்கிறார். வீட்டு வாசலிலேயே அண்ணன் மறித்துவிட்டான். சேலையோடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். இவர் தெருமுனையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். பாடை அந்த வழியாகப் போகும், முகத்தையாவது பார்க்கலாம் என்று. அவர்கள் வேறு வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூரத்திலிருந்து பறைச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

இதையெல்லாம் செவ்வந்தி சொல்லவில்லை. கூட வந்திருந்த முத்துப்பேச்சி அம்மா சொன்னார். செவ்வந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். வீட்டை விட்டு வந்தபோது தாயின் போட்டோ ஒன்றைத் திருடிக் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்திருந்தார். ஜங்ஷன் ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். தாய்க்கு அந்த ஒரு படம்தான் உண்டு. அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார்.

அவருடைய மஞ்சள் துணி முடிச்சை எடுத்துவந்தேன். அதற்குள் போட்டோ இல்லை என்று எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்தான் அவருடையது என்று உறுதியாகியிருந்தது. அவர் அதைப் பிரித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது இங்கனயே கெடக்கட்டும் என்று தள்ளி வைத்தார்.

பிறகு மிஞ்சிய கட்டைக் கொண்டுவந்தேன். நாற்காலியைப் பிடித்து ஒரு பெண் நிற்கிற படம் அதில் ஒன்றே ஒன்று இருந்தது. பின்பக்கம் லேசாக மஞ்சள். முகம் போயிருந்தது. நெற்றி முதல் தாடை வரை வெள்ளை. கழுத்துக்குக் கீழே எல்லாம் தெளிவு: சேலைக் கட்டு, நாற்காலி மேல் வைத்த கை, கை நிறையக் கண்ணாடி வளையல்.

செவ்வந்தி அதை இரண்டு கையாலும் வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"இதுதான்" என்றார்.

சார் ஒரு தடவை கேட்டார், உறுதிதானா என்று. உறுதிதான் என்றார் செவ்வந்தி. முத்துப்பேச்சி அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கோ பதிவேட்டுக் கவலை. ஏறிய பொருள் வெளியே போகக் கூடாது. நகல் எடுத்துக் கொடுக்கலாமே சார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்தார். கை காயும் வரை நிற்பாரே, அப்படியே சற்று நின்றார். பிறகு குறிப்புக் கட்டத்தில், "உரியவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செவ்வந்தி படத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அதற்கு மேலிடத்திலிருந்து சாருக்கு மெமோ வந்தது. எந்த விதிப்படி கொடுத்தீர் என்று கேட்டிருந்தார்கள். வாங்கும்போது கொடுத்த வாக்குப்படி என்று அவர் பதில் எழுதினார். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு அந்த வருஷம் வரவில்லை. இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. நான்தான் நினைத்து நினைத்து மருகினேன். சார் எப்போதும்போலக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

ஆடி அமாவாசை கழிந்து கொஞ்ச நாளில் செவ்வந்தி திரும்ப வந்தார். இந்தத் தடவை தனியாக. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் தாளில் சுற்றிய படத்தை எடுத்து மேசையில் வைத்தார். படத்தின் மேல் முனையில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"இது எங்கம்மா இல்ல மைனி. எங்கம்மாவுக்கு நெல் அவிக்கையில வெந்த தழும்பு, முழங்கைக்குக் கீழ இம்புட்டுக்கு. இந்தக் கையப் பாருங்க, சுத்தமா இருக்கு."

ஊரில் யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

"அன்னைக்கே தெரியும். ஜன்னல்ட்ட கொண்டுபோயி மொதல்ல கையத்தான் பாத்தேன். வெறுங்கையோட போக முடியல மைனி. அவ்வளவுதான்."

சார் எழுந்து வந்து எதிரே நின்றார். செவ்வந்தி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே மீதியையும் சொன்னார். அமாவாசையன்று குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போயிருக்கிறார். இவருக்குத் திதி கொடுத்துவைக்க அங்கே யாரும் முன்வரவில்லை. கூட்டம் ஒதுங்கினபிறகு, படத்தைப் படியில் சாய்த்துவைத்து, பொட்டு வைத்து, தானே ஆற்றில் இறங்கி எள்ளும் தண்ணீரும் இறைத்திருக்கிறார்.

"பேரு எங்கம்மா பேரச் சொன்னேன். மூஞ்சிக்கு இவ நின்னா. இனி நான் வச்சிருக்கப்பிடாது. இவ பெத்தது எங்கனயாவது கெடக்கும்லா, ஒரு நாள் தேடி வரும்லா."

அவருடைய தாயின் படம் எங்கள் காப்பகத்துக்கு வரவே இல்லை. ஆறு எடுத்தவற்றோடு போயிருக்கும். செவ்வந்திக்கும் அது தெரிந்திருந்தது. படியிறங்கிப் போனார். பம்பாயிலேயே இருந்துவிட்டார் என்று முத்துப்பேச்சி அம்மா பிறகு சொன்னார். தொண்ணூறுகள் முடியுமுன் அம்மாவும் போய்விட்டார். அடக்கத்துக்குச் சாரும் நானும் போயிருந்தோம். அவர் மனு எழுதிக் கேட்ட அந்த இடத்தில்தான் புதைத்தார்கள். அது கடைசிவரைக்கும் பட்டாவில் ஏறவில்லை என்று சொன்னார்கள்.

படம் வந்த அன்று சார் பதிவேட்டை எடுத்தார். "திரும்பப் பெறப்பட்டது. உரியவர் தெரியவில்லை" என்று எழுதினார். மூடப் போனவர் மூடவில்லை. கோவிலுக்குப் போகாதவர், மாதா படத்தை மேசையில் வைத்திருந்தவர், கீழே இன்னொரு வரி எழுதினார்: "இந்தத் தாய்க்கு ஆற்றில் திதி கொடுத்தாயிற்று."

பிள்ளைகளே, இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அந்தப் படத்துக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. நீங்கள் ஸ்கேன் எடுத்தால் குங்குமத்தைத் துடைக்காதீர்கள். என்றைக்காவது ஒருவர் வந்து நின்றால் படத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள், பதிவேட்டில் அந்த வரியைக் காட்டுங்கள். அவருக்கு வாசிக்கத் தெரியுமோ என்னவோ. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்.